தலை தேய்ந்த கம்பு

முசரவாக்கம்
2 ஜூன் 2025

மகள் ஏஞ்சலுக்கு உன் அப்பன் தேவசகாயம் எழுதுவது.

இங்கு நாங்கள் நலம். அங்கு நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ பதில் எழுதுவாய், பதிலுக்குள் அவன் வருவான், அப்புறம் எனக்குச் சோறு இறங்காது. ஆகவே எத்தியோப்பியா தேசத்தில் வெயிலும் மழையும் ஒழுங்காக நடக்கின்றன என்று நானே வைத்துக்கொள்கிறேன்.

செல்லில் பேசமாட்டேன் என்று ஈஸ்டர் அன்றைக்குச் சொன்னது சொன்னதுதான். நான் கத்தி, நீ கத்தி, நடுவில் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு அழுது, பக்கத்து வீட்டுக் கலையரசி குழம்பைத் தீயவிட்டு முழு நிகழ்ச்சியையும் கேட்டாள். அதனால் இனிமேல் பேப்பர். நான் எழுதுவேன், உன் அம்மா சம்பூர்ணம் அதைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவாள். பத்தாம் வகுப்பில் தமிழில் மட்டும் பாஸானவன் நான். அந்தப் பாஸுக்கு இப்போதுதான் ஒரு வேலை கிடைத்திருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் காலேஜில் வேலை பார்க்கிற வேலூர்க்காரர் லீவுக்கு வந்தவர், நேற்று வீடு தேடி வந்து நீளமான பொட்டலம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். “ஏஞ்சல் மேடம் குடுத்தாங்க சார், பத்திரம்” என்றார். காபிகூடக் குடிக்கவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

பிரித்தால் கம்பு. என் மார்பு உயரம். கறுப்பு மரம், நல்ல கனம். தலையில் பித்தளையில் ஒரு குறுக்குக் கட்டை. அதன் இரண்டு முனையும் ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி கீழே வளைந்திருக்கின்றன. பித்தளை முழுக்கச் சன்னமாகக் கோடு கோடாய்ச் சித்திரம். அதற்குக் கீழே ஒரு முழத்துக்கு வெள்ளிக் கம்பி சுற்றியிருக்கிறது. அடியில் இரும்புப் பூண்.

உன் அம்மா ஒரே பார்வையில் தீர்ப்பு எழுதிவிட்டாள். “உன் முட்டிக்குத்தான்யா அனுப்பிக்கிறாங்கோ. நல்ல ஜனங்க.”

எனக்குச் சுருக்கென்றது. பிள்ளையார்பாளையத்தில் சாயத் தொட்டி முன்னால் நின்று நின்றே வயிறு வளர்த்தவன் நான். இரண்டு முட்டியும் இப்போது தனித்தனியாகப் பேசுகின்றன என்பது வாஸ்தவம். ஆனால் அது குடும்ப ரகசியம். அதை ஆப்பிரிக்கா வரை கொண்டுபோனது யார்? உனக்கு மாப்பிள்ளையாக வர நினைக்கிறானே ஒருவன், அவன் இப்போதே மாமனார் நொண்டி என்று முடிவு கட்டிவிட்டானா? அவன் பெயர் எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

அது என்ன, எதற்கு? ஒரே வரியில் எழுது. வேறு எதையும் எழுதாதே.

அப்பா


அடாமா
5 ஜூன் 2025

அப்பா,

நீ கேட்ட ஒரே வரி: சொல்ல மாட்டேன்.

இனி எழுதுவதெல்லாம் நீ கேட்காதது. பிடிக்காவிட்டால் இங்கேயே நிறுத்திக்கொள். ஆனால் நிறுத்தமாட்டாய், எனக்குத் தெரியும். கலையரசி அக்காவின் குழம்பு தீய்ந்ததற்கு நீயும் ஒரு காரணம்.

கம்பு நீளத்தை எழுதியிருக்கிறாய், கனத்தை எழுதியிருக்கிறாய், கொம்பை எழுதியிருக்கிறாய். அனுப்பியது யார் என்று ஒரு வார்த்தை இல்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனின் பெயரை நீ இதுவரை கேட்கவில்லை. ஈஸ்டர் அன்று நீ கேட்டது ஒரே கேள்வி. “இன்னா ஆளு அவன்?” அந்தக் கேள்விக்கு நான் போனை வைத்தேன். இன்னொரு முறை கேட்டாலும் வைப்பேன்.

பெயரைக் கேள். அப்புறம் கம்பு எதற்கென்று சொல்கிறேன். அதுவரைக்கும் அது உன் வீட்டு மூலையில் சும்மா நிற்கட்டும்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். அதை அனுப்பியது அவன் இல்லை, அவனுடைய அப்பா. தன் கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டார்.

எனக்கு முப்பத்திரண்டு வயது. இந்தக் காலேஜில் நூலைப் பற்றியும் சாயத்தைப் பற்றியும் பாடம் நடத்துகிறேன், உன் தொட்டியைப் பார்த்து வளர்ந்ததால். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டிய நிலையில் நான் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். அவர்கள் வேறு சபை. அவர்கள் கோயிலில் எனக்குக் கல்யாணம் செய்து வைக்க மாட்டார்கள். எனக்கென்று இருக்கிற கோயில் நம் முசரவாக்கம் கோயில் ஒன்றுதான். அங்கே மூன்று ஞாயிறு என் பெயரில் கல்யாண அறிவிப்பு ஓலை படிக்க வேண்டும், எல்லாருக்கும் படித்ததைப் போல. மறுப்பு இருக்கிறவர்கள் எழுந்து சொல்லட்டும். நான் பயப்படவில்லை.

எங்களுக்கு லீவு ஆகஸ்ட் நாலாவது வாரத்தோடு முடிகிறது. ஆகஸ்ட் முதல் ஞாயிறு முதல் ஓலை படித்தால்தான் கணக்கு சரியாக வரும். படிக்காவிட்டால் இங்கே ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் கிளாசுக்குப் போய்விடுவேன். அப்புறம் முசரவாக்கத்துக்கு நான் வர வேண்டிய காரணம் இல்லை.

எல்லம்மா அத்தை இதைக் கேட்டு இன்னும் உன்னோடு பேசவில்லை என்று அம்மா சொன்னாள். அத்தை மகன் டேனியலுக்கு என்னைக் கட்டிக்கொடுப்பதாக நீ அத்தைக்கு வாக்குக் கொடுத்தபோது என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஏஞ்சல்


முசரவாக்கம்
17 ஜூன் 2025

ஏஞ்சலுக்கு,

நீ சொல்லாவிட்டால் போ. காஞ்சிபுரத்தில் மூளைக்கா பஞ்சம்? உன்னைக் கேட்காமலே கண்டுபிடிக்கிறேன் பார் என்று கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் கம்புக்கும் டிக்கெட் கேட்டான். “இது வெளிநாட்டு விருந்தாளிப்பா, டிக்கெட் கேக்காதே” என்றேன். பாதி பஸ் சிரித்தது. மீதி என்னைத் தள்ளி உட்கார்ந்தது.

முதல் நிபுணர் குமாரவேல். அவன் தறிக்கு நான்தானே வருஷக்கணக்காகச் சாயம் போடுகிறேன். காலையில் தெருவில் தறிக்கான பாவு நூலை நீளமாக விரித்து வைத்திருந்தான். கம்பைக் கண்டதும் என் கையிலிருந்து பிடுங்கி, தொய்ந்துகிடந்த இடத்தில் பாவுக்கு முட்டுக் கொடுத்து நட்டுவிட்டான். பித்தளைத் தலைமேல் நூல் அத்தனையும் பாய் விரித்த மாதிரி உட்கார்ந்தது.

“தேவா, இது நெசவுக்காரன் கம்புடா. அந்த நாட்ல பாவு போடறதுக்கு வச்சிருக்கான். நம்மள மாதிரி மூங்கிலை வெட்டி வக்காம, பாரு, பித்தளைல போட்டுக்கிறான். அவனுக்கு இருக்கற மரியாதை நமக்கு இல்ல.”

நானும் நம்பிவிட்டேன். பாவு சுருட்டுகிற வரை விடமாட்டேன் என்றான். ஒரு வழியாக வாங்கிக்கொண்டு வந்தால், வரதர் திருவிழாக் கூட்டம். அங்கே பல்லக்குத் தூக்குகிறவர்களில் ஒருவர் குமாரவேலுக்குத் தெரிந்தவர். கம்பை மேலும் கீழும் பார்த்தார். சாமி நிற்கும்போது பல்லக்குத் தண்டுக்குக் கீழே முட்டுக் கொடுக்கிற கட்டை இது, வேறு எதுவாகவும் இருக்க முடியாது என்றார். “அந்த ஊர் சாமி இன்னும் கனமோ இன்னாவோ, பூண் போட்டு அடிச்சிக்கிறாங்கோ.” அவர் தோளில் இருந்த காய்ப்பைப் பார்த்தால் மறுத்துப் பேச முடியவில்லை.

மூன்றாவது நிபுணர் கலையரசியின் செல். அதில் போட்டோ எடுத்துத் தேடினால் உலகத்தில் உள்ளதெல்லாம் தெரியுமாம். அது பாத்ரூமில் துண்டு மாட்டுகிற ஸ்டாண்டு என்று சொல்லி, விலையும் சொல்லிற்று.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு நானே உட்கார்ந்து ஒரு துப்பறிந்தேன். நடக்கிற கம்பு என்றால் அடிதானே தேய வேண்டும்? இதில் அடி அப்படியே இருக்கிறது. தலைதான் தேய்ந்திருக்கிறது. குறுக்குக் கட்டையின் நடுவில் சித்திரமே இல்லை, வழுவழுவென்று குழிந்திருக்கிறது. நடக்காத கம்பு. ஆனால் ரொம்ப வருஷம் உழைத்த கம்பு. இதற்கு மேல் என் மூளை ஓடவில்லை.

அடுத்து நடந்ததைச் சொன்னால் நீ திட்டுவாய். சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை பட்டறையில் அரக்குச் சாயம். நூல் கட்டைத் தொட்டியிலிருந்து எடுத்து முறுக்கிப் பிழிகிற கழி எங்கே போனதோ, காணோம். கை சும்மா இருந்தால் பரவாயில்லை, கையில் இந்தக் கம்பு. கொம்பு வளைவில் நூல் கட்டை மாட்டினேன். மாட்டினால், ஐயோ, அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. நான்கு முறுக்கு முறுக்கினேன், சொட்டுத் தண்ணீர் இல்லை. “கண்டுபிடிச்சிட்டேன்டா! சாயக்காரன் கம்புடா இது!” என்று பட்டறையே அதிரக் கத்தினேன். சம்பந்தி வீட்டாரும் நம் தொழில்தான் போலிருக்கிறது என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், சந்தோஷப்பட்டேன். அந்தக் கணத்தை நீ கணக்கில் எடுக்காதே.

இறக்கி வைத்துப் பார்த்தால் கம்பு பாதிக்கு மேல் சிவப்பு. கறுப்பு மரம் கருஞ்சிவப்பாகிவிட்டது. வெள்ளிக் கம்பி இடுக்கெல்லாம் சிவப்பு. பித்தளைச் சித்திரத்தின் ஒவ்வொரு கோட்டிலும் சிவப்பு இறங்கி, இதுவரை தெரியாத பூ, சிலுவை எல்லாம் தெரிகின்றன. சோப்பு, புளி, சாம்பல் எல்லாம் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. எப்படிப் போகும்? நான் போட்ட சாயம் போகாது என்று சொல்லித்தானே இத்தனை வருஷம் கூலி வாங்குகிறேன்.

சிலுவையைப் பார்த்தபிறகு மனசு ஒரு மாதிரி இருக்கிறது. இருந்தாலும் பெயர் கேட்கமாட்டேன்.

அப்பா


அடாமா
19 ஜூன் 2025

அப்பா,

சாயத் தொட்டியிலா?

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவன், நீ பெயர் கேட்காதவன்தான், “என்ன?” என்று கேட்டான். அவனிடம் எப்படிச் சொல்வேன்? அது அவன் தாத்தா கையில் இருந்தது, அவன் அப்பா கையில் இருந்தது. அடுத்து இவன் கைக்கு வந்திருக்க வேண்டியது. அதை ஒரு மனிதர் முகம் தெரியாத உனக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிறார். நீ அதில் நூல் பிழிந்திருக்கிறாய்.

பெயர் கேட்கமாட்டாய் என்றால் சரி. நானும் சொல்லமாட்டேன். யார் மகள் நான்?

ஆகஸ்ட் முதல் ஞாயிறு என்று எழுதினேன். நினைவிருக்கட்டும்.

ஏஞ்சல்


முசரவாக்கம்
6 ஜூலை 2025

ஏஞ்சலுக்கு,

இன்றைக்கு ஆராதனை முடிந்து டேனியல் வீட்டுக்கு வந்தான். என் அக்கா மகன் என்ற முறையில் வந்தானா, சபைக் கமிட்டி செக்ரட்டரி என்ற முறையில் வந்தானா தெரியவில்லை. உட்காரும்போது அக்கா மகனாக உட்கார்ந்தான், வாயைத் திறந்ததும் செக்ரட்டரி.

“ஓலை படிக்கச் சொல்லி ஏஞ்சல் பாஸ்டருக்கு மெயில் போட்டுக்கீது மாமா. உனக்குத் தெரியுமா?”

தெரியாது. ஆனால் “தெரியும்” என்றேன். என் மகள் எனக்குத் தெரியாமல் ஒன்றைச் செய்தாள் என்று அவனிடம் ஒப்புக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. அதை உன்னிடம் தனியாக வைத்துக்கொள்கிறேன்.

மூலையில் கம்பைப் பார்த்தான். எடுத்துச் சுழற்றினான். “இதான் சீரா? ஆடு மேய்க்கறவன் போலக்கீது.” அப்புறம் கொஞ்சம் குனிந்து, ஏதோ எனக்கு நல்லது செய்கிற மாதிரி மெதுவாகக் கேட்டான். “மாமா, அவனுங்க இன்னா ஆளுங்க? விசாரிச்சியா? நம்ம வூட்டுக்குள்ள விடற மாதிரி ஆளுங்கதானா?”

ஏஞ்சலு, உன் தாத்தாவை வரப்பில் நிறுத்தி வைத்துக் கேட்பார்கள் இந்தக் கேள்வியை. தண்ணீர் குடிக்கப் போனால் கேட்பார்கள். பதில் சொன்னபிறகும் அங்கேயே நிற்க வேண்டும், எதுவரைக்கும் வரலாம் என்று அவர்கள் கை காட்டுகிற வரைக்கும். அக்காவும் நானும் பின்னால் தூக்குச்சட்டியோடு நின்று பார்த்திருக்கிறோம். அந்தக் கேள்வியை, சட்டைப் பையில் பேனா குத்திக்கொண்டு, என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கிழவனின் பேரன் கேட்கிறான்.

இதில் பெரிய சிரிப்பு என்ன தெரியுமா? ஈஸ்டர் அன்றைக்கு நான் உன்னைக் கேட்டதும் அதுதான். என் வாயில் இருந்தவரை அதன் நாற்றம் எனக்குத் தெரியவில்லை. அடுத்தவன் வாயிலிருந்து வந்ததும் குப்பென்று அடித்தது.

கம்பை அவன் கையிலிருந்து வாங்கினேன். அடிக்கப் போகிறேன் என்று உன் அம்மா ஓடி வந்தாள். அடிக்க இல்லை, எழுந்திருக்க. என் முட்டிக்கு அவசரமாகக் கோபம் வராது. நிதானமாக எழுந்து நின்று, “எந்திரிச்சிப் போடா” என்றேன். போனான். போகும்போது, “ஓலை எப்படிப் படிக்கறாங்கோன்னு பாக்கறேன்” என்றான். நானும் பார்க்கிறேன் என்றேன்.

அந்தப் பையன் பெயர் என்ன?

அவன் அப்பா பெயர் என்ன?

கம்பு எதற்கென்று நீ சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. பெயரை எழுது.

அப்பா


அடாமா
9 ஜூலை 2025

அப்பா,

அவன் பெயர் யோனாஸ். அவன் அப்பா பெயர் தெஸ்ஃபாயே. அம்மா இல்லை. இரண்டு அக்காக்கள். யோனாஸ் இங்கே சிவில் பாடம் நடத்துகிறான். மெதுவாகப் பேசுவான், நான் வேகமாகப் பேசுவேன், அதனால் சண்டை ஒரே நேரத்தில் முடிவதில்லை. உன் கடிதங்களை அவனுக்குப் படித்து அர்த்தம் சொல்வேன். சாயத் தொட்டி விஷயத்தையும் கடைசியில் சொல்லிவிட்டேன்.

நீ சரியாகத்தான் துப்பறிந்திருக்கிறாய். அது நடக்கிற கம்பு இல்லை. நிற்கிற கம்பு.

அவர்கள் கோயிலில் பெஞ்சு கிடையாது. யாரும் உட்கார்வதில்லை. தெஸ்ஃபாயே ஐயா அங்கே பாட்டுக்காரர். விடிவதற்கு முன்பே ஆரம்பித்து வெயில் ஏறும்வரை நின்றுகொண்டே பாடுவார்கள். கால் விட்டுப்போகும்போது இந்தக் கம்பை ஊன்றி, இதன் தலையில் கையையோ மார்பையோ தாடையையோ சாய்த்துக்கொள்வார்கள். அப்படியே நிற்பார்கள், பாட்டை விடாமல். அதனால்தான் தலை தேய்ந்திருக்கிறது. அது அவர் அப்பாவும் அவரும் சாய்ந்த இடம். பண்டிகை நாளில் முரசு அடிக்கும்போது வரிசையாக எல்லாக் கம்பும் ஒன்றாக ஏறி இறங்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் குமாரவேல் மாமா தறிதான் ஞாபகம் வந்தது. இந்தக் கம்புக்கு மெக்குவாமியா என்று பெயர்.

நான் முதல்முறை அவர் வீட்டுக்குப் போனபோது உன் வேலையைக் கேட்டார். தொட்டி முன்னால் காலையிலிருந்து நின்றுகொண்டே செய்கிற வேலை என்றேன். கோயிலில் எப்படி என்று கேட்டார். எழுந்து பாடச் சொன்னால் எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் உட்காருவார், முட்டி வலித்தாலும் என்றேன். “நிற்கிற மனிதர். அப்படியானால் இது அவரிடம் இருக்கட்டும்” என்று எடுத்துக் கொடுத்துவிட்டார். உன்னை நொண்டி என்று நினைத்து அனுப்பவில்லை, அப்பா.

அவருக்கும் இங்கே சும்மா இல்லை. வேறு சபைக்காரியை மருமகளாக்குகிறார் என்று பாட்டு வரிசையில் சிலர் அவர் பக்கத்தில் நிற்பதில்லை. அவர் இடத்தை விடவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு பாடுகிறார்.

சாயம் பட்டதைச் சொன்னபோது என்ன சொன்னார் தெரியுமா? “நனைந்துவிட்டதா? தலை கழன்றுவிடும். துடைத்து நிழலில் காயவைக்கச் சொல்.” அவ்வளவுதான்.

ஓலை விஷயம் உன் கையில். நான் கெஞ்ச மாட்டேன்.

ஏஞ்சல்


முசரவாக்கம்
13 ஜூலை 2025

ஏஞ்சலுக்கு,

யோனாஸ். பைபிளில் மீன் வயிற்றுக்குள் போய் வந்தவன் பெயர். நம் குடும்பத்துக்குள் வருகிறவனுக்குப் பொருத்தமான பெயர்தான்.

கம்பை நிழலில் வைத்திருக்கிறேன். துணி போட்டுத் துடைத்தேன். பாவு முட்டு என்று குமாரவேல் சொன்னானே, பல்லக்கு முட்டு என்று அந்த ஆள் சொன்னாரே, அவர்களிடம் போய், விழாமல் தாங்குகிற கட்டை என்ற அளவில் நீங்கள் இரண்டு பேருமே பாஸ், துண்டு ஸ்டாண்டு என்ற கலையரசி செல் மட்டும் பெயில் என்று அறிவித்தேன்.

பாஸ்டரைப் பார்த்தேன். பையனின் ஞானஸ்நானச் சான்றிதழ் வந்துவிட்டதாம். சட்டப்படி தடை ஒன்றுமில்லை என்கிறார். ஆனால் கமிட்டி என்கிறபோது குரல் இறங்கிவிடுகிறது. நல்ல மனிதர், டேனியலோடு தினமும் குடித்தனம் நடத்த வேண்டியவர். ஆகஸ்ட் மூன்றாம் தேதி படிப்பேன் என்றார். படிப்பேன் என்று சொல்லும்போது ஜன்னலைப் பார்த்தார்.

நீ கெஞ்ச வேண்டாம். நானும் கெஞ்சமாட்டேன்.

அப்பா


முசரவாக்கம்
4 ஆகஸ்ட் 2025

ஏஞ்சலுக்கு,

உன் அம்மா நேற்றே போனில் சொல்லிவிட்டாள் என்று தெரியும். அவள் சொன்னால் நான் ஏதோ பெரிய ஆள் மாதிரி இருக்கும். நடந்தது எப்படி என்று நான் சொல்கிறேன்.

கம்போடு கோயிலுக்குப் போனேன். வாசலிலேயே நான்கு பேர் முட்டி எப்படி என்று விசாரித்தார்கள். எல்லாருக்கும் நன்றி சொன்னேன். ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சு, வழக்கமான இடம். டேனியல் முன்னால். எல்லம்மா அக்கா பெண்கள் பக்கம், தூணோரம். என் பக்கம் திரும்பவே இல்லை.

அறிவிப்பு நேரத்தில் பாஸ்டர் தாளை எடுத்தார். “முதலாம் ஓலை” என்றார். உன் பெயரை, என் பெயரை, உன் அம்மா பெயரைப் படித்தார். யோனாஸ் பெயருக்கு வரும்போது டேனியல் எழுந்தான்.

“ஆட்சேபனை ஐயா.”

“காரணம்?”

“மாப்பிள்ளை யாருன்னு இந்தச் சபைல ஒருத்தருக்கும் தெரியாது. அவன் சைடுல பேச ஒரு ஆள் கிடையாது. கமிட்டில வச்சி விசாரிச்சப்புறம் படிங்க.”

பாஸ்டர் தாளை மடித்தார். “சரி, அடுத்த வாரம்...” என்று ஆரம்பித்தார். அடுத்த வாரம் என்றால் மூன்று ஞாயிறு கணக்கு தப்பும், உன் லீவு முடியும், நீ ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு கிளாசுக்குப் போவாய். இது டேனியலுக்கும் தெரியும். கணக்குப் போட்டுத்தான் எழுந்திருக்கிறான்.

நான் எழுந்தேன். எழுந்ததுதான் தெரியும், பேச்சு ஒன்றும் தயார் செய்யவில்லை. “அவன் அப்பா வந்துக்கிறாரு ஐயா” என்று கம்பைக் காட்டினேன். சிலர் சிரித்தார்கள். “அவரு கையில இருந்தது இது. அவரு நிக்கற இடத்துல நான் நிக்கறேன். நீங்க படிங்க. படிக்கற வரைக்கும் உக்கார மாட்டேன்.”

“உக்காருங்க தேவசகாயம், அப்புறம் பேசிக்கலாம்.”

“படிங்க ஐயா.”

அவர் படிக்கவில்லை. பாட்டுக்குப் போய்விட்டார். எல்லாரும் எழுந்தார்கள், பாடினார்கள், உட்கார்ந்தார்கள். நான் உட்காரவில்லை. பிரசங்கம் ஆரம்பித்தது. ஆகஸ்ட் முதல் ஞாயிறு, திருவிருந்து வேறு, ஆராதனை இரட்டை நீளம். எதிர்ப்பு காட்ட நாள் பார்த்துத் தேர்ந்தெடுத்தவன் மாதிரி நான் நின்றேன். காணிக்கைத் தட்டு வந்தது, நின்றபடி போட்டேன். பின்னால் இருந்தவர் “மறைக்குதுபா” என்றார். “கேக்குது இல்ல? காதால கேளு” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் முட்டி இரண்டும் மத்தியஸ்தம் பேச வந்துவிட்டன. உட்கார், மானம் போனால் போகட்டும் என்கின்றன. அப்போதுதான் நீ எழுதியது ஞாபகம் வந்து, கம்பை இரண்டு அடி முன்னால் ஊன்றி, குறுக்குக் கட்டையில் மார்பைச் சாய்த்தேன். ஏஞ்சலு, அந்தக் குழிவு இருக்கிறதே, அது என் நெஞ்செலும்புக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. பாரம் காலிலிருந்து இறங்கிவிட்டது. இப்படியே சாயங்காலம் வரை நிற்கலாம் போலிருந்தது. நிபுணர்கள், செல், நான், எல்லாரும் மாதக்கணக்காக அதைச் சுற்றிச் சுற்றி வந்தோம். சாய்ந்து பார்க்க ஒருவனுக்கும் தோன்றவில்லை.

பெண்கள் பக்கம் உன் அம்மா எழுந்து நின்றாள். அவள் பக்கத்தில் கலையரசி. கலையரசி நம் சபைகூட இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவள்.

ஆசீர்வாதம் சொல்லி அனுப்ப வேண்டிய நேரம் வந்தது. பாஸ்டர் கையை உயர்த்தினார், என்னைப் பார்த்தார், கையை இறக்கினார். டேனியல் திரும்பி, “மாமா, அசிங்கப்படுத்தாதே, உக்காரு” என்றான்.

தூணோரத்திலிருந்து எல்லம்மா அக்கா எழுந்தாள். அவள் கால் உனக்குத் தெரியும், என் முட்டியெல்லாம் அதற்கு முன்னால் குழந்தை. சேலையைப் பிடித்துக்கொண்டு நடுவழியாக நடந்து என் பெஞ்சுக்கு வந்தாள். அறையப் போகிறாள் என்று நினைத்துக் கன்னத்தைக்கூடத் தயாராக வைத்தேன்.

“தள்ளி நில்லுடா” என்றாள். கம்பின் ஒரு பக்கக் கொம்பை நான் விட்டேன், அவள் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு மகனைப் பார்த்தாள். “டேய் டேனியலு. யாருன்னு தெரியாதவன்னு உன் தாத்தாவை நிக்க வச்சவன் வூட்டு வாசல எனக்கு இன்னும் அடையாளம் தெரியும். நீ அந்த வாசல்ல போயி நிக்காதே. குந்து.” அப்புறம் பாஸ்டரிடம், “ஐயா, படிச்சிடுங்க. எனக்குக் கால் நோவுது.”

டேனியல் நின்றான். அம்மாவைப் பார்த்தான், கம்பைப் பார்த்தான். உட்கார்ந்தான். பாஸ்டர் மடித்த தாளைப் பிரித்து முதலிலிருந்து படித்தார். யோனாஸ், தகப்பனார் பெயர் தெஸ்ஃபாயே. அந்தப் பெயர் அவர் வாயில் புரளவில்லை, இருந்தாலும் விடாமல் சொன்னார். மறுப்பு உண்டா என்று கேட்டார். ஒருவரும் எழவில்லை.

வெளியே வந்து அக்காவிடம், “எனக்காகவா வந்த?” என்று கேட்டேன்.

“உனக்கு யாருடா வந்தா? எனக்கு மருமவளா வரமாட்டேன்னு சொன்னா, அதுக்காக நம்ம புள்ள பேரு கோயில்ல படிக்காம போயிடணுமா? வாக்கு குடுத்துட்டு மாறனவன் நீ. உங்கிட்ட நான் இன்னும் பேசல” என்றாள். பேசாமலே வீடு வரைக்கும் வந்து, பேசாமலே இரண்டு தோசை சாப்பிட்டாள்.

ஒரு அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். சட்டையைக் கழற்றினால் நெஞ்சில் கொம்பு அளவுக்கு அரக்குக் கறை. வியர்வையில் இறங்கிவிட்டது. பட்டில் போகாத என் சாயம் மரத்தில் நிற்கவில்லை. உன் அம்மா ஊறவைத்துப் பார்த்தாள், சட்டையிலிருந்து போகமாட்டேன் என்கிறது. இதைக் குமாரவேலிடம் சொல்லாதே, தொழில் கெடும்.

இன்னும் இரண்டு ஞாயிறு பாக்கி இருக்கிறது. பெரிய இடத்திலிருந்து ஆளைக் கூட்டி வருகிறேன் என்று டேனியல் வெளியே சொல்லிக்கொண்டு திரிகிறானாம். வரட்டும். மாற்றுச் சட்டை இரண்டு இருக்கிறது.

தெஸ்ஃபாயே ஐயாவிடம் சொல்: கம்பு காய்ந்துவிட்டது, தலை கழலவில்லை. அவர் அங்கே சுவரில் சாய்ந்துகொண்டு பாடுகிறார் என்பது என் நினைவில் இருக்கிறது. ஆனாலும் இப்போதைக்கு அதை அனுப்ப முடியாது, எனக்கு வேலை இருக்கிறது. கல்யாணத்துக்கு மகனோடு அவரும் வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொள்ளட்டும். வீட்டு வாசலில் இரண்டு நாற்காலி போட்டு வைக்கிறேன். அன்றைக்கு ஒருநாளாவது நாங்கள் இரண்டு பேரும் உட்காருகிறோம்.

உன் அப்பன்
தேவசகாயம்